ஊரைக் காக்கிறவன் ஊருக்கு யார்? இந்திய சூப்பர் ஹீரோ படங்கள் பற்றி ஒரு பதில்

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “என் மகனுக்கு 11 வயது. பள்ளி விடுமுறையில் ‘மின்னல் முரளி’, ‘ஹனு-மான்’, ‘லோகா’ மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டான். இந்தியர்கள் எடுக்கும் சூப்பர் ஹீரோ படங்களில் உண்மையிலேயே எங்கள் பண்பாடு இருக்கிறதா? அல்லது ஹொலிவுட் கதைக்கு வேட்டி கட்டிவிட்டு எங்கள் கதை என்கிறார்களா? இதில் கொழும்புப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?”

தங்கச்சி, நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது. கொட்டாஞ்சேனையில் 20 வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குகிறேன். சனிக்கிழமை பின்னேரங்களில் ஏதாவது ஒரு படத்தைப் போட்டுவிட்டு, பிறகு எல்லோரும் வட்டமாக இருந்து கதைப்போம். அந்தப் பிள்ளைகள் கேட்டவற்றையும் சேர்த்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பண்பாடு என்றதும் எல்லோரும் முதலில் பார்ப்பது உடுப்பை. நாயகன் வேட்டி கட்டியிருக்கிறானா, நெற்றியில் திருநீறு இருக்கிறதா, பின்னணியில் சுலோகம் கேட்கிறதா, கோயில் திருவிழாவில் சண்டை வருகிறதா என்று. இவற்றை வாடகைக்கு எடுத்து எந்தக் கதைக்கும் போட்டுவிடலாம். நான் பிள்ளைகளிடம் வேறு விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். சக்தி எங்கிருந்து வந்தது? அதற்கு விலை கொடுத்தது யார்? கிடைத்த பிறகு அவன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது? ஒரு சமூகம் எதைப் பெரிதாக நினைக்கிறது என்பது அங்கேதான் தெரியவரும்.

1938 இல் வந்த சூப்பர்மேன் வேறு கோளில் இருந்து வந்து விழுந்தவன். 1962 இல் வந்த ஸ்பைடர்மேனை ஒரு சிலந்தி கடித்தது. அங்கே சக்தி பெரும்பாலும் ஒரு விபத்து. கிடைத்தவன் முகத்தை மூடிக்கொண்டு, ஒரு பெரிய நகரத்தில் தனியாளாக அதைச் சுமந்து திரிவான். எங்கள் பழைய கதைகளில் சக்தி கேட்டுப் பெறுவது. அதற்குத் தவம் கிடக்க வேண்டும். மலையகத் தோட்டங்களில் அருச்சுனன் தபசு ஆடுவார்கள். பாசுபதம் வேண்டி அருச்சுனன் வேடக்காரர் தபசு மரத்தில் ஏறும்போது, தோட்டத்துச் சனம் முழுவதும் கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும். ஆயுதம் அவர் கைக்கு வந்ததற்கு அந்தச் சனமே சாட்சி. வரம் என்றால் அதில் ஒரு நிபந்தனை இருக்கும், ஓர் ஓட்டையும் இருக்கும். தேவராலும் அசுரராலும் சாகக்கூடாது என்று கேட்ட இராவணன், மனிதரைக் கணக்கில் எடுக்காமல் விட்டான். அற்பம் என்று அவன் ஒதுக்கிய பக்கத்தில் இருந்துதான் சாவு வந்தது.

இன்னொரு வேரும் எங்களுக்கு உண்டு. ஆநிரை மீட்கப் போய் இறந்தவனுக்கு அந்தக் காலத்தில் நடுகல் நட்டுக் கும்பிட்டார்கள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரன், மீனாட்சி கோயில் வாசலில் இன்றைக்கும் காவல் நிற்கிறான். அநியாயமாகக் கொல்லப்பட்டவனையே பிறகு எல்லையில் காவலுக்கு வைத்து, படையல் போட்டு, ஊர் தன் குற்றத்தைக் கழுவிக்கொள்கிறது. எங்கள் மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்துக்கே ஒரு சாமி உண்டு, ரோதமுனி என்று. சக்கரத்தோடு நாள் முழுக்க வேலை செய்கிறவர்கள், தங்கள் கைகால் பத்திரமாக இருக்கவேண்டும் என்று தாங்களே உண்டாக்கிக்கொண்ட காவல்காரன் அது. சூப்பர் ஹீரோ என்ற சொல் எங்களுக்குப் புதிது. எங்களைக் காக்க எல்லையில் ஒருவர் நிற்கிறார் என்ற நம்பிக்கை மிகப் பழையது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் படங்கள் தானாகப் பிரிந்துகொள்கின்றன. 1987 இல் வந்த இந்தி ‘மிஸ்டர் இந்தியா’, தமிழில் பாக்யராஜ் நடித்து ‘என் இரத்தத்தின் இரத்தமே’ ஆனது. கண்ணுக்குத் தெரியாமல் மறையும் சக்தி கிடைத்தும், அந்த மனிதனின் கவலை தான் வளர்க்கும் அநாதைப் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றியதாகவே இருக்கிறது. அது எங்கள் வீட்டுக் கவலை. 2006 இல் வந்த ‘க்ரிஷ்’ படத்தில் ஹ்ரித்திக் ரோஷன் எரியும் சர்க்கஸில் பிள்ளைகளைக் காப்பாற்ற உடைந்த முகமூடி ஒன்றை எடுத்துப் போடுவது அழகான காட்சிதான். ஆனால் சண்டைகள் நடப்பது சிங்கப்பூரில். பாட்டியின் பாசத்தை எடுத்துவிட்டால் அந்தக் கதையை எந்த நாட்டிலும் கொண்டுபோய் வைக்கலாம்.

‘கந்தசாமி’ (2009) அப்படியில்லை. திருப்போரூர் முருகன் கோயில் மரத்தில் சனம் தங்கள் குறைகளை எழுதிக் கட்டிவிட்டுப் போகிறது. அதை வாசிக்கும் ஒருவன் சேவல் வேடத்தில் வந்து தீர்த்துவைக்கிறான். சேவல் முருகனின் கொடி. அந்தப் படத்தில் எனக்குப் பிடிக்காதவை நிறைய உண்டு, முக்கியமாகப் பெண்ணைக் காட்டிய விதம். ஆனாலும் அந்தக் கருவை வேறு எந்த நாட்டுக்காரராலும் எழுதியிருக்க முடியாது. கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்துக் காவடி எடுக்கிறவர்களையும், ஆடிவேலுக்குச் செட்டியார் தெருவில் வீதியோரம் காத்து நிற்கிறவர்களையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த மரத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சிவகார்த்திகேயனின் ‘மாவீரன்’ (2023) பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். குடிசைப் பகுதியில் இருந்து எழுப்பப்பட்ட சனத்தை ‘மக்கள் மாளிகை’ என்ற அடுக்குமாடியில் கொண்டுவந்து விடுகிறார்கள். சுவர் பெயர்கிறது, குழாய் கையோடு வருகிறது. பத்திரிகைக்குப் படக்கதை வரையும் பயந்த சுபாவக்காரன் ஒருவனுக்குக் காதில் ஒரு குரல் கேட்கத் தொடங்குகிறது. அவனுக்குக் கிடைத்த சக்தி அவ்வளவுதான். கொழும்பிலும் ‘தோட்டம்’ என்று நாங்கள் சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் தலைமுறையாக இருந்த சனத்தை அடுக்குமாடிகளுக்கு மாற்றியது கண்முன்னே நடந்த கதை. நாங்கள் அந்தப் படத்தைப் போட்ட அன்று, எட்டாம் மாடியில் இருந்து வரும் ஒரு பெடியன் பாதியிலேயே எழும்பி, “சேர், இது எங்கட வீடு” என்றான். லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் அவனும் தம்பியுமாகத் தண்ணீர்ப் போத்தல்களை மேலே தூக்கிக்கொண்டு போவார்களாம். சென்னைக் கதையில் அவன் தன் வீட்டைக் கண்டுபிடித்தான். நாயகனின் முகமும் பேச்சும் எங்களைப் போலவே இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. அவன் இருக்கிற இடத்தின் கஷ்டம் உண்மையாக இருந்தால், பிள்ளை உள்ளே போய்விடும்.

சரி, இப்போது ‘மின்னல் முரளி’. உங்கள் மகன் பார்த்த மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பேசில் ஜோசப் இயக்கி, 2021 டிசம்பர் 24 ஆம் திகதி நெட்ஃபிளிக்ஸில் வந்த மலையாளப் படம். 90களில் குறுக்கன்மூலை என்ற கற்பனை ஊர். ஜெய்சன் ஒரு தையல்காரர் வீட்டுப் பிள்ளை. அமெரிக்காவுக்குப் போய்விட வேண்டும் என்று துடிக்கிறான். நத்தார் இரவில் அவன்மேல் மின்னல் விழுகிறது. அதே இரவில் ஷிபு என்ற இன்னொருவன் மேலும் விழுகிறது. ஷிபு தேநீர்க் கடையில் எடுபிடி வேலை செய்கிறவன், ஊர் பைத்தியம் என்று ஒதுக்கிவைத்தவன். ஒரே வானம், ஒரே மின்னல், ஒரே அளவு சக்தி. ஒருவன் நாயகன் ஆகிறான், மற்றவன் வில்லன் ஆகிறான்.

ஏன் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். “ஒருத்தன் நல்லவன், மற்றவன் கெட்டவன்” என்றார்கள். பிறகு ஷிபு வரும் காட்சிகளை மட்டும் திரும்பப் போட்டேன். அவனாக நடித்த குரு சோமசுந்தரம் எங்கள் தமிழ்க் கலைஞர், ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையில் பயின்றவர். தான் 28 வருடமாகக் காத்திருந்த உஷா தன்னை ஏற்றுக்கொள்கிறாள் என்று தெரியும் அந்தக் காட்சியை நாடகம் பழகும் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறேன். சிரிக்க முயல்கிறார், வாய் அழுகைக்குக் கோணுகிறது, கண் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் தவிக்கிறது. வாழ்நாளில் ஒருதடவையும் எவராலும் விரும்பப்படாத ஒரு மனிதன், சந்தோஷத்தை முகத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறான். அதைப் பார்த்த பிறகு ஒரு பிள்ளை சொன்னாள்: “ஜெய்சனுக்கு அப்பா இருக்கிறார், அக்கா இருக்கிறா, மருமகன் இருக்கிறான். ஷிபுவுக்கு ஒருத்தரும் இல்லை.” அவ்வளவுதான் விஷயம். ஒருவன்மேல் ஊர் கை வைத்திருக்கிறது, அடுத்தவனை ஊர் கைவிட்டிருக்கிறது. மதுரை வீரன் கதையில் ஊர் கடைசியில் படையல் வைக்கிறதே, அந்தப் படையல் ஷிபுவுக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் படத்தின் பண்பாடு வேட்டியிலோ, தேவாலயத் திருவிழாவிலோ இல்லை. ஊர் என்ற ஒன்றை அது நேர்மையாகக் காட்டுவதில் இருக்கிறது: ஊருக்கு அன்பும் உண்டு, கொடுமையும் உண்டு. ஜெய்சன் என்ற கிறிஸ்தவப் பெடியன் முரளி என்ற கண்ணன் பெயரோடு ஊரைக் காக்கிறான், எவரும் அதை ஒரு விஷயமாகவே எடுப்பதில்லை. கேரளத்தில் பல சமயத்தவர் ஒரே தெருவில் வாழ்கிற வாழ்க்கை அது. கொட்டாஞ்சேனையில் சிவன் கோயில் மணியும் லூசியாள் ஆலய மணியும் ஒன்றாகக் கேட்டு வளர்ந்த எங்களுக்கும் அது அந்நியமில்லை. (இங்கே முரளி என்றதும் பிள்ளைகளுக்குச் சுழற்பந்துதான் நினைவுக்கு வருகிறது. அதுவும் மலையகம் தந்த ஒரு பெரிய சந்தோஷம்தானே.) ஆனால் இதே படத்துக்காகக் காலடியில், பெரியாற்றங்கரையில் போட்ட தேவாலய செட்டை, பக்கத்தில் சிவன் கோயில் இருக்கிறது என்று சொல்லி 2020 மே மாதம் ஒரு கூட்டம் அடித்து உடைத்தது. மரப்பலகையில் கட்டிய தேவாலயம் அது. படம் காட்டும் ஊர் ஒன்று, படம் எடுக்கப்பட்ட நாடு இன்னொன்று என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

‘ஹனு-மான்’ 2024 ஜனவரியில் வந்தது. பிரசாந்த் வர்மா இயக்கம், தேஜா சஜ்ஜா நாயகன். அஞ்சனாத்ரி என்ற கற்பனை ஊரில் சில்லறைத் திருட்டுச் செய்து திரியும் ஒருவனுக்கு ஆஞ்சநேயரின் இரத்தத்துளியில் உண்டான மணியால் பலம் கிடைக்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது வில்லனின் பின்கதை. மைக்கல் சின்ன வயதில் சூப்பர் ஹீரோ பைத்தியம். நாயகர்கள் எல்லோரும் பெற்றோரை இழந்தவர்களாக இருக்கிறார்களே என்று நினைத்து, தன் தாய் தகப்பனையே கொல்கிறான். ஹொலிவுட் கதையின் அடிமடியில் கைவைக்கும் கேள்வி இது. உறவை அறுத்தால்தான் வீரன் ஆகலாமா? படம் அதற்குப் பதிலாக வரலட்சுமி நடித்த அக்காவைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. தம்பிக்காக ஊருக்கு முன்னால் நிற்கும் அக்கா. தெலுங்கு வீட்டுக்கும் தமிழ் வீட்டுக்கும் நன்றாகத் தெரிந்த பாசம்.

அந்தப் படத்தின் முன்னால் எங்கள் பிள்ளைகள் கொஞ்சம் தடுமாறினார்கள். பம்பலப்பிட்டியில் இருந்து வரும் ஒரு சின்னவன் கேட்டான்: “சேர், அனுமார் எரிச்சது எங்கட நாட்டையா?” ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. இராமாயணத்தை இந்தியாவில் இருந்து பார்க்கும் பிள்ளை அனுமனோடு கடலைத் தாண்டுகிறது. கொழும்பில் இருந்து கேட்கும் பிள்ளை கரையில் நின்று, எரிக்க வருகிறவரைப் பார்க்கிறது. அதே நேரம் றம்பொடையில் அனுமார் கோயில் இருக்கிறது, சீதா எலியவில் சீதையம்மன் கோயில் இருக்கிறது. நுவரெலியா போகும்போது அந்தச் சின்னவனின் குடும்பமும் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் போகும். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் பக்கத்தில் இராவணன் வெட்டு. கன்னியா வெந்நீரூற்றுகள் இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. சம்பந்தர் தன் பதிகங்களில் எட்டாம் பாட்டை வழக்கமாக இராவணனுக்கு ஒதுக்கினார்; கயிலையைத் தூக்கி நெரிபட்டவன், பிறகு பாடி அருள் பெற்றவன் என்று. சிங்களவர் பலரும் இராவணனைத் தங்கள் பழைய அரசன் என்கிறார்கள். 2019 இல் இலங்கை விண்ணுக்கு அனுப்பிய முதல் செய்மதிக்கு ‘இராவணா-1’ என்றே பெயர் வைத்தார்கள்.

ஆகவே அவனுக்கு நான் சொன்னது: “ஓம், கதையில் எரிந்தது எங்கட ஊர். அனுமாரையும் கும்பிடலாம், எரிஞ்ச ஊருக்காகவும் கவலைப்படலாம். அந்தக் கதையைப் பாடின கம்பனும் இராவணனை அற்பமாகப் பாடவில்லை.” வருடாவருடம் இங்கே கம்பன் விழா வைக்கிறோம், பட்டிமண்டபத்தில் இராவணன் பக்கம் நின்று வாதாடியும் கேட்டிருக்கிறோம். ஒரு கதையின் இரண்டு கரையிலும் நின்று பார்க்கிற பழக்கம் எங்களுக்கு இருக்கிறது. படம் அந்த இடத்தைத் தரவில்லை என்றால் வீட்டில் நாங்கள் தரவேண்டும். இன்னொன்று, ‘ஹனு-மான்’ தயாரிப்பாளர்கள் விற்ற ஒவ்வொரு டிக்கெட்டில் இருந்தும் 5 ரூபாயை அயோத்தி இராமர் கோயிலுக்குக் கொடுப்பதாக அறிவித்தார்கள். படம் வந்து பத்து நாளில் அங்கே குடமுழுக்கு. பக்தி ஒரு மனிதனின் சொந்தச் செல்வம். படத்தின் வியாபாரமும் நாட்டின் அரசியலும் அதோடு ஒன்றாகக் கட்டப்படும்போது, ‘எங்கள் பண்பாடு’ என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பெரியவர்கள் கவனிக்க வேண்டும்.

இராவணன் என்றதும் ஷாருக் கானின் ‘ரா.ஒன்’ (2011) நினைவுக்கு வருகிறது. வில்லனின் பெயரே இராவணன்தான். அதில் ஷாருக் முதலில் சேகர் சுப்பிரமணியம் என்ற தமிழர். லண்டனில் கணினி விளையாட்டு வடிவமைக்கிற பெரிய மூளைக்காரர். ஆனால் படம் அவரை என்ன செய்ய வைக்கிறது? நூடுல்ஸில் தயிரை ஊற்றிக் கையால் பிசைந்து சாப்பிட வைக்கிறது. எந்தத் தமிழ் வீட்டில் இதைக் கண்டார்கள்? பிறகு சேகர் இறந்துபோக, அதே முகத்தோடு எழும்பி வரும் நாயகனிடம் தமிழின் சாயலே இல்லை. கோமாளியாக இருக்கும்வரை தமிழன், வீரன் ஆனதும் தமிழன் இல்லை. ஒரு சனத்தைத் திரையில் காட்டிவிட்டோம் என்பதால் மட்டும் அவர்களுக்கு மரியாதை செய்ததாக ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி ‘லோகா’. டொமினிக் அருண் இயக்கி, துல்கர் சல்மான் தயாரித்து, கல்யாணி பிரியதர்ஷன் நடித்து 2025 ஓகஸ்டில் வந்த மலையாளப் படம். பெங்களூரில் இரவு வேலை பார்க்கும் சந்திரா என்ற பெண்தான் பழங்கதையின் கள்ளியங்காட்டு நீலி. இந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு மயிர் சிலிர்த்தது. ஏனென்றால் நீலியை எங்களுக்கும் தெரியும். தினமும் வாயில் வைத்துக்கொண்டு திரிகிறோம்: ‘நீலிக் கண்ணீர்’.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணவன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகி, மறுபிறவியில் வணிகனாக வரும் அவனைத் துரத்திக்கொண்டு பழையனூருக்கு வருகிறாள். கையில் குழந்தையோடு சபை முன்னால் அழுது, இவர் என் கணவர், சேர்த்துவையுங்கள் என்கிறாள். எழுபது வேளாளர்கள் அவனுடைய உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணம். எழுபது பேரும் வாக்குக்காகத் தீக்குளிக்கிறார்கள். கன்னியாகுமரிப் பக்கம் வில்லுப்பாட்டிலும் நீலி கதை பாடுகிறார்கள். இதில் எங்களுக்கு மிஞ்சியது எது என்று பாருங்கள். வேளாளர்களின் சத்தியம் புகழாக மிஞ்சியது. நீலியின் கண்ணீர் பொய்க்கு உவமையாக மிஞ்சியது. முதலில் ஒரு பெண் கொல்லப்பட்டாள் என்பது எவருடைய நினைவிலும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதாலும் நீலிக் கண்ணீர் என்கிறோம்.

‘லோகா’ அந்த மறந்த இடத்தில் இருந்து கதையைத் தொடங்குகிறது. இங்கே நீலி, கோயில் வாசலில் தடுக்கப்படும் சனத்தில் பிறந்த சிறுமி. அரசனின் ஆட்களால் தன் சனத்தை இழக்கிறாள். அவளுடைய சக்திக்குப் பின்னால் ஓர் அநியாயம் இருக்கிறது. நடுகல்லுக்குப் பின்னால் இருப்பதைப் போல. அவளை நல்ல வழியில் திருப்பிவிடுகிறவர் கடமட்டத்துக் கத்தனார், ஒரு பாதிரியார். பழங்கதையில் யட்சியை அடக்கும் அதே மந்திரவாதிப் பாதிரியார்தான். தமிழிலும் இப்படி ஒருதடவை நடந்திருக்கிறது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான ‘நீலகேசி’யில் பழையனூர்ப் பேய் ஒரு சமண முனிவரிடம் அறம் கேட்டுத் திருந்தி, ஊர் ஊராகப் போய்ச் சமயவாதிகளோடு வாதாடி வெல்கிறாள். பேயை எடுத்து அறிவாளியாக்கிய கவிஞர் எங்களிடம் எப்போதோ இருந்திருக்கிறார். அந்த வழியில்தான் இன்றைக்கு மலையாளத்தார் அவளை வீராங்கனை ஆக்கியிருக்கிறார்கள். வௌவால், இரத்தம், பகலில் வெளிவர முடியாமை எல்லாம் மேற்கிலிருந்து வந்த ஒட்டு என்பது தெரிகிறது. அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. வேர் இங்கே இருக்கிறது. குறை என்றால், பெங்களூர்ப் பெண்களைப் பற்றிப் போகிறபோக்கில் வந்த ஒரு வசனம். கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்ததும் தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். பழியில் இருந்து ஒரு பெண்ணை மீட்கும் படத்திலேயே இன்னொரு ஊர்ப் பெண்கள்மேல் ஒரு பழிச்சொல் விழுந்துவிடுகிறது பாருங்கள், இவ்வளவு கவனம் தேவைப்படுகிற வேலை இது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு: ‘மின்னல் முரளி’, ‘மாவீரன்’, ‘லோகா’ மூன்றிலும் பண்பாடு உண்மையாகவே இருக்கிறது. ‘ஹனு-மான்’ படத்தில் அக்காவிடமும் மைக்கலிடமும் இருக்கிறது, வானளவு நிற்கும் அனுமார் சிலையில் எனக்கு அது தெரியவில்லை. 11 வயதுக்கு ‘லோகா’வில் இரத்தம் அதிகம், இன்னொருதடவை பார்ப்பதென்றால் நீங்களும் பக்கத்தில் இருங்கள். ‘மின்னல் முரளி’யைத் தமிழ் ஒலியில் போடாமல் மலையாளத்திலேயே எழுத்தோடு பார்க்கவிடுங்கள். பாதிச் சொல் அவனுக்கே விளங்கும், அந்தச் சந்தோஷத்தை அவனுக்குக் கொடுங்கள். தமிழ் ஒலிச்சேர்க்கையில் எல்லோரும் சென்னைத் தமிழ்தான் கதைக்கிறார்கள். அதையும் ஒருநாள் அவனோடு கதைக்கலாம்.

கொழும்புப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். போன வருடம் நாங்கள் படம் பார்ப்பதை ஒருநாள் நிறுத்திவிட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெரிய தாள் கொடுத்தோம். உங்களுக்குத் தெரிந்த ஊருக்கு ஒரு சூப்பர் ஹீரோ வரையுங்கள் என்றோம். முக்கால்வாசிப் பேர் சிலந்தி வலையும் இரும்புச் சட்டையும்தான் வரைந்தார்கள். ஹற்றனில் இருந்து வந்து மாமா வீட்டில் தங்கிப் படிக்கும் ஒருவன், அட்டை கடிக்காத தோல் கொண்ட ஒரு பெண்ணை வரைந்தான், தலையில் கொழுந்துக் கூடையோடு. அவனுடைய அம்மாவின் சாயல் அதில் இருந்ததாக அவனே சொன்னான்.

ஒரு பத்து வயதுப் பிள்ளையின் தாளில் கேப் இல்லை, முகமூடி இல்லை. வெள்ளைப் பள்ளிச் சீருடை, கழுத்தில் டை, இரட்டைப் பின்னல். பக்கத்தில் கைத்தடியோடு ஒரு கிழவி. முன்னால் ஒரு கண்ணாடிக் கவுன்டர், உள்ளே ஓர் அதிகாரி. அந்தப் பிள்ளையின் சக்தி என்னவென்று கேட்டேன். “அவர் சிங்களத்தில கதைச்சா அம்மம்மாவுக்குத் தமிழில கேட்கும் சேர். அம்மம்மா தமிழில சொன்னா அவருக்குச் சிங்களத்தில கேட்கும். ஃபோமும் தானா நிரம்பிடும்” என்றாள். எங்கிருந்து வந்த சக்தி என்றேன். “அம்மம்மாவுக்குத் தேவைப்பட்டுது, அதால வந்தது.”

வில்லன் எங்கே என்று பக்கத்தில் இருந்த பெடியன் கேட்டான். அவள் தாளைத் தன் பக்கம் இழுத்து ஒருதடவை பார்த்தாள். “வில்லன் இல்ல. லைன்தான் நீளம்” என்றாள். கிழவிக்குப் பின்னால் ஆட்களை வரைந்துகொண்டே போயிருந்தாள். சாரம் கட்டியவர், பர்தா போட்டவர், குழந்தையை இடுப்பில் வைத்தவர் என்று தாளின் ஓரம்வரை. கடைசியில் நின்றவருக்கு இடம் போதாமல் பாதி உடம்புதான் வந்திருந்தது. மீதிக்கு இன்னொரு தாள் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்டாள்.